தாளிப்பு நின்ற லயம்

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற ஒருவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் வைத்தியம் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது தோட்டத்து டிஸ்பென்சரியில் மிக்சர் கலக்கிக் கை கறுத்தவர்கள் இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். மற்றவர்களும் சங்கடப்பட வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்கத்திலும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற ஒரு ஆள் கட்டாயம் இருப்பார்; அவரிடம் மாட்டிய அத்தனை பேரும் நம்ம கட்சிதான்.

நான் வேலை பார்த்தது தலவாக்கலையிலிருந்து டயகமப் பக்கம் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். வெள்ளைக்காரத் தொரைமார் இன்னும் மூட்டை கட்டாத காலம். சுதந்திரம் கொழும்புவரைக்கும் வந்துவிட்டது, அங்கிருந்து மலையேற அதற்கு ரயில் கிடைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை, மருந்து கலக்கப் படித்தவன். ஆனாலும் எல்லாரும் 'டாக்டர் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். வயிற்றுக்கு வெள்ளை மிக்சர், காய்ச்சலுக்குச் சிவப்பு மிக்சர், மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டையும் கலந்து. இதுதான் தோட்டம் எனக்குக் கொடுத்திருந்த ஆயுதம். இதை வைத்துக்கொண்டு நான் ஒரு பித்தக்கல்லோடு மோதிய கதையைக் கேளுங்கள்.

பொதுச் சொத்து

எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில், யாருக்கும் தலைவலி, மயக்கம், வாந்தி என்று தனித்தனியாக எதுவும் வந்ததில்லை. எல்லாம் பித்தம். காலையில் எழுந்ததும் தலை சுற்றினால் பித்தம். கங்காணி கத்தினால் அவருக்குப் பித்தம். முதல்நாள் தவறணையில் கள்ளுக் குடித்துவிட்டு மறுநாள் எழுந்திருக்க முடியாதவனுக்கும் பித்தம்தான்; அதைச் சொல்லித் துண்டு கேட்பான். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க நான் எழுதிக் கொடுக்கிற சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தத் துண்டு கைக்குப் போனதும் பித்தம் உடனே தெளிந்துவிடும். என் மிக்சருக்குக்கூட அவ்வளவு வேகம் கிடையாது.

ஒருநாள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற சுப்பையா இதே பித்தத்தோடு வந்தான். எனக்கு அன்று வேலை குறைவு, புத்தி சொல்லும் ஆசை அதிகம். சுவரில் மாட்டியிருந்த உடம்புப் படத்தைக் காட்டி, "இது ஈரல். இதில் ஊறுகிற பித்தநீர், அடியில் இருக்கிற இந்தச் சின்னப் பையில் வந்து தங்கும். கொழுப்புச் சாப்பாடு உள்ளே போனால் இந்தக் குழாய் வழியாகக் குடலுக்கு இறங்கும். சில பேருக்கு இந்தப் பையில் கல் விழும்" என்று விளக்கினேன். சுப்பையா படத்தை உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் அறிவு உதிக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அவன் சொன்னான்: "பித்தத்துக்குன்னு தனியா ஒரு பையாங்க ஐயா? எங்க வீட்டுல பாக்கியத்துக்கு ஒடம்பு பூராவும் அந்தப் பைதாங்க!"

கூடையின் குற்றம்

கொஞ்ச நாளில் அவன் பெண்சாதி அந்தப் பாக்கியமே வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாள். நாற்பதைத் தொட்ட வயது, பூசினாற்போல உடம்பு. கொழுந்து கிள்ளுவதில் கை வேகம், வாய் அதைவிட வேகம். அன்று வாய் ஓய்ந்து போயிருந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறதாம், அது முதுகைச் சுற்றி வலது தோளுக்கு ஏறுகிறதாம், வாந்தி வேறு வருகிறதாம்.

என்னிடம் வருவதற்கு முன்னால் பெரிய வைத்தியமெல்லாம் நடந்து முடிந்திருந்தது. மலையில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு, அவள் தோளைத் தடவுவதைப் பார்த்ததுமே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். கூடைதான் காரணம். தலையில் மாட்டுகிற கயிறு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. உடனே கங்காணி கயிற்றை மாற்றினார். வலி போகவில்லை. முதுகுக்குச் சாக்கை மடித்து வைத்தார்கள். போகவில்லை. புதுக் கூடை வந்தது. அதற்கும் போகவில்லை. எங்கள் தோட்டத்தில் தோள்வலி என்றால் அது கூடையால் வந்ததுதான். வயிற்றுக்குள் இருக்கிற எந்த உறுப்புக்கும் தோளை வலிக்கவைக்கும் உரிமை கிடையாது.

நான் மருத்துவச்சியைக் கூப்பிட்டு விலாவுக்குக் கீழே அமுக்கச் சொல்லி, பாக்கியத்தை மூச்சை இழுக்கச் சொன்னேன். பாதி மூச்சில் அப்படியே நின்று, 'ஐயோ ஆத்தா' என்று மருத்துவச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு விளங்கிவிட்டது. கூட வந்திருந்த கங்காணியிடம், "இது கூடை வலி இல்லை, பித்தப்பையில் கல்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கூடையை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிப் பார்க்கலாமா என்று யோசித்தார். அதற்குப் பதில் சொன்னது பாக்கியம்தான்: "ஞாயித்துக்கெழம கூடை செவுத்துல சும்மாதாங்க கெடக்கு. வலி மட்டும் லீவு எடுக்க மாட்டேங்குதே!"

பங்களாச் சீக்கு

அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தோட்டத்து லொறி வேண்டும். லொறிக்குத் தொரையின் வாய்ச்சொல் வேண்டும். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீசுக்குள் போனேன். தொரைக்கு இந்த நோயைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். அவருடைய அண்ணனுக்கு இருந்ததாம், மாமனாருக்கு இருந்ததாம், ராணுவத்தில் அவருக்கு மேலே இருந்த ஒருவருக்கும் இருந்ததாம். எல்லாரும் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டு, மேலே வைன் ஊற்றிக்கொண்டவர்கள். நல்ல குடும்பத்து நோய் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பிறகு, பாக்கியம் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ரொட்டி, மிளகாய் இடித்த சம்பல், பருப்பு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பல் தின்கிறவளுக்குக் கல் எங்கேயிருந்து வரும், விளக்கெண்ணெய் கொடு என்றார். கல்லுக்குக் கண் இல்லை சார், அது தட்டைப் பார்த்து வருவதில்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வெளியே வந்தது 'யெஸ் சார்'. இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஜனத்துக்கு ஓட்டு இல்லை, நாடு இல்லை என்று கொழும்பில் ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது. அன்று பித்தக்கல்லும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. கங்காணிமாரிடம் கற்ற தமிழில் தொரை அதை அழுத்தமாகச் சொன்னார்: "டிஸ்பென்சர், இது பங்களாச் சீக்கு. லயத்துக்கு வராது."

எனக்கும் லேசாக

விளக்கெண்ணெய் நான் கொடுக்கவில்லை. ஆனால் கல் தொரையின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பாக்கியத்தின் கண் மஞ்சளாயிற்று. மூத்திரம் சாயத் தேத்தண்ணி மாதிரி, மலம் சுண்ணாம்பு மாதிரி, உடம்பெல்லாம் அரிப்பு. பையில் இருந்த கல் இறங்கிக் குழாயில் மாட்டிக்கொண்டது என்று எனக்குப் புரிந்தது. லயத்துக்கு வேறு மாதிரி புரிந்தது. மஞ்சக்காமாலை! இதற்கு எதற்கு லொறி? கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். நோய் அதற்குக் கேட்காததால், டயகமவிலிருந்து காமாலை இறக்குகிற மந்திரக்காரரைக் கூட்டிவந்தார்கள்.

அவர் பாக்கியத்தின் கையில் ஏதோ பட்டைச் சாற்றைத் தடவி, வேப்பிலையால் வீசி, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாயிற்று. லயமே 'ஆ' என்று வாயைப் பிளந்தது. காமாலை இறங்கிவிட்டதாம்! எனக்குப் பொறுக்கவில்லை. என் கையிலும் அதே சாற்றைத் தடவிக் கழுவச் சொன்னேன். என் தண்ணீரும் மஞ்சளாயிற்று, அவளுடையதைவிட நல்ல மஞ்சள். இப்போது குட்டு உடைந்தது என்று எல்லாரையும் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேர் முகத்திலும் என்மேல் அப்படி ஒரு இரக்கம். மந்திரக்காரர் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "ஐயாவுக்கும் லேசா இருக்குங்க. ஆரம்பத்துலயே பாத்துக்கிட்டா நல்லது."

கருவாட்டு விசாரணை

காமாலைக்காரருக்குத் தாளிப்பு வாசனை ஆகாது. இது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். எண்ணெய்ச் சட்டியின் புகை மூக்கில் ஏறினால் காமாலை தலைக்கேறும் என்பார்கள். தனி வீடென்றால் அந்த வீட்டோடு போகும். லயத்தில் அப்படி முடியுமா? காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரைவரைக்கும் போவதில்லை. இந்தக் கோடியில் கடுகு வெடித்தால் அந்தக் கோடியில் தும்முவார்கள். ஆகவே பாக்கியத்துக்காக லயம் முழுவதும் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது. அவித்த மரவள்ளி, வேகவைத்த பருப்பு, தாளிக்காத ரசம்.

முதல் வாரம் எல்லாரும் தியாகிகள். அடுத்த வாரம் முகம் சுருங்கியது. அதற்கடுத்து, தீபாவளி நெருங்கிவிட்டது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு இடித்தாகிவிட்டது, சுடுவதற்குத்தான் வழியில்லை. இந்த நிலைமையில் ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கிருந்தோ கருவாடு பொரிக்கிற வாசனை வந்தது. அதே நேரம் பார்த்துப் பாக்கியத்துக்கு வலி வந்து துடித்தாள். தொழிற்சங்கத்துத் தலைவர் உடனே விசாரணை வைத்தார். ஒவ்வொரு காம்பராவாகச் சட்டியை மோந்து பார்த்தார்கள். சம்பள உயர்வுக்குக்கூட அவர் அப்படி அலைந்து நான் பார்த்ததில்லை. "வலிக்குக் காரணம் கல், கருவாடு இல்லை" என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. பாக்கியத்தின் அடுத்த காம்பராக்காரி மீனாட்சி மட்டும் என்னிடம் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "சீக்கு அக்காவுக்கு ஒருத்திக்குத்தான் ஐயா, நாக்கு செத்தது லயம் பூராவும். நீங்க என்னதான் மருந்து குடுக்குறீங்க?"

பெரட்டில் ஒரு கோரிக்கை

பிறகு குளிர்க்காய்ச்சல் வந்தது. பல் கிடுகிடுக்க உடம்பு தூக்கிப் போட்டது. அடைத்த குழாயில் சீழ் பிடித்தால் நாள் கணக்குத்தான். சிவப்பு மிக்சரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் அவமானமாக இருக்கிறது. சுப்பையாவிடம், வயிற்றைத் திறந்து கல்லை எடுக்காவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். பித்தத்தைப் பற்றி அவ்வளவு பகடி பேசியவன் தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். வெட்டினால் செத்துப்போவாள் என்று அவனுக்குப் பயம். "வெட்டாட்டியும் சாவத்தான் போறா. வெட்டித்தான் பாக்கட்டுமே!" என்று மீனாட்சி அவனை அதட்டினாள்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுத்த பிறகும் பெண்கள் யாரும் மலைக்கு நகரவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு மழையில் நின்றார்கள். கண்டாக்கு கத்திப் பார்த்தார். தொரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சம்பளமா, ரேஷன் அரிசியா, என்ன வேண்டும் என்று கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உலகத் தொழிலாளர்களிலிருந்து ஆரம்பித்தார். அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்துசேர மத்தியானமாகும் என்று தெரிந்து, மீனாட்சி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்: "முறுக்கு சுடணும் தொரை. அதுக்குப் பாக்கியம் அக்கா பொழைக்கணும். அதுக்கு லொறி வேணும்."

தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில்

தொரை என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல் என்றார். முறுக்குக்கும் பித்தக்குழாய்க்கும் உள்ள சம்பந்தத்தை எந்த மருத்துவப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் அன்று கொழுந்து நிறையக் கிடந்த நாள், கூடைகள் தரையில் கிடந்தன. தொரைக்கு அந்தச் சம்பந்தம் நன்றாகவே புரிந்தது. தேயிலை ஏற்றிய லொறி கண்டிவரைக்கும் போகலாம் என்றார்.

பெட்டிகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தோம். சுப்பையா தலைமாட்டில் உட்கார்ந்தான். மீனாட்சி தன் கம்பளியை எறிந்தாள். நான் ஏறி நாடியைப் பார்த்துவிட்டு இறங்கப் போனபோது பாக்கியம் என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். முகம் வாடிய பூசணிப்பூ மாதிரி இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்: "நான் செத்துப்போயிட்டா தீவாளி கழிச்சுச் சொல்லுங்கய்யா. மாவு இடிச்சு வச்சிருக்காளுங்க, பாவம்."

வாசனை போகாத தூரம்

நோயாளி லயத்தில் இல்லை. சட்டப்படி தடை நீங்கியது. அன்று சாயந்தரமே லயம் முழுக்கக் கடுகு வெடிக்கும், நானும் ஒரு முறுக்குக்கு வழிசெய்துகொள்ளலாம் என்று அந்தப் பக்கம் நடந்துபோனேன். ஒரு அடுப்பிலும் எண்ணெய் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. கண்டியிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. தீபாவளி வந்தது. அன்று எண்ணெய் தலைக்கு மட்டும் போனது, சட்டிக்குப் போகவில்லை. இட்லியை அவித்துத் தின்றுவிட்டு, பட்டாசும் இல்லாமல், மழையைப் பார்த்துக்கொண்டு முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

இவர்களை முறுக்குக்கு அலைகிறவர்கள் என்று நினைத்திருந்த எனக்கு வெட்கமாயிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மீனாட்சியிடம், "முறுக்குக்காகத் தொரையையே நிற்கவைத்தவள் நீ. இப்போது என்ன தடை? இங்கே தாளித்தால் கண்டிக்கா வாசனை போகும்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "போவாதுங்க. எங்களுக்குத்தான் கை வரல."

கூடை சுமக்காத தோள்

தீபாவளி முடிந்து சில நாளில் சுப்பையா பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு வந்தான். வாயைத் திறக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். அவன் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டி, ஆபரேஷன் முடிந்து கஞ்சி குடிக்கிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒப்பாரி பாதித் தூரம் போய்விட்டது. அப்புறம் அவனுக்கு விழுந்த திட்டு வேறு கணக்கு.

அவன் கையோடு ஒரு சின்ன மருந்துப் போத்தல் கொண்டுவந்திருந்தான். உள்ளே பழுப்புக் கற்கள், மொச்சைக் கொட்டை மாதிரி. அதை நான் ஆபீசுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். தொரை போத்தலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். கல் கலகலவென்று சத்தம் போட்டது. இது அந்தப் பெண்ணுடையதா என்று கேட்டார். யெஸ் சார் என்றேன். போத்தலைக் கீழே வைத்தவர், வலது தோளை மெதுவாகத் தடவிக்கொண்டு கேட்டார்: "டிஸ்பென்சர், அவளுக்கு முதல்லே எங்கே வலிச்சது?"

பத்தியம்

பாக்கியம் திரும்பி வந்த நாளில் லயத்தில் விட்டுப்போன தீபாவளி வந்தது. ஆள் பாதியாக மெலிந்திருந்தாள். கண் மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது. இறங்கினதும் விசாரித்தாள். சட்டி ஏறவே இல்லை என்று தெரிந்ததும் வாய் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. "செத்தவளுக்குத்தான்டி துக்கம் காப்பாங்க. உசுரோட கெடந்தவளுக்கு எதுக்குடி பட்டினி கெடந்தீங்க, கிறுக்குச் சிறுக்கிங்களா!" என்று திட்டித் தீர்த்து, கடைசியில் மீனாட்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த நிமிஷம் லயம் முழுக்க அடுப்பு பற்றியது. புகை அப்பிக்கொண்டு போனதைப் பார்த்து தேயிலை ஸ்டோர் தீப்பிடித்ததோ என்று கண்டாக்கு ஓடிவந்தார்.

எனக்குப் பகீரென்றது. பித்தப்பையை எடுத்தவளுக்குக் கொஞ்ச மாதத்துக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று கண்டி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். நான் மூச்சு வாங்க ஓடினேன். இஸ்தோப்பில் சம்மணம் போட்டு, புகைக்கு நடுவில், கையில் ஒரு சூடான முறுக்கோடு உட்கார்ந்திருந்தாள் பாக்கியம். "ஏய், போடு கீழே!" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. முறுக்கை மூக்குக்கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடி, விலா வலிக்காமல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுவிட்டுச் சொன்னாள்: "திங்கத்தாங்க வேணாம்னாரு பெரிய டாக்டரு. மோந்து பாக்க வேணாம்னு சொல்லலியே!"

வயிற்றைத் திறந்தவர் கண்டியில் இருக்கிறார், மஞ்சள் தண்ணீர் காட்டியவர் டயகமவில் இருக்கிறார், மிக்சர் கலக்கிய நான் இங்கேயே கிடக்கிறேன். ஆனாலும் பாக்கியத்தைப் பிழைக்கவைத்தது யார் என்று எங்கள் லயத்தில் கேட்டால் இடித்து வைத்த முறுக்கு மாவுதான் என்பார்கள், மருந்து படித்த எனக்கும் அதை மறுக்க வாய் வரவில்லை.